காலை நீட்டி ஓட்டும் சைக்கிளும் காரணம் சொல்லாத கம்ப்யூட்டரும்

புதுச்சேரியில் இருக்கும் என் பழைய அலுவலக நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "ஏம்ப்பா, நீ படுத்துக்கிட்டே சைக்கிள் ஓட்டுறியாமே, நிஜமா?" நிஜம்தான். ஐந்து வருடமாக ஓட்டுகிறேன். மணலூர்பேட்டையில் என் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் பலருக்குத் தெரியாது. "ஈசிசேர் சைக்கிள் சார் வீடு" என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுவார்கள். அந்தச் சைக்கிளைப் பற்றியும், என் இன்னொரு பொழுதுபோக்கும் தலைவலியுமான கம்ப்யூட்டரைப் பற்றியும் இன்று எழுதுகிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். சைக்கிளுக்கு அங்கே 'வெலோ' என்போம். இந்த வகைச் சைக்கிளைப் பிரெஞ்சில் 'வெலோ குஷே' என்கிறார்கள். படுத்திருக்கும் சைக்கிள் என்று பொருள். ஆனால் யாரும் இதில் படுப்பதில்லை. முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து மிதிக்க வேண்டும். திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்போமே, அந்த இருப்புதான். பெடல் முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கும். அதனால் செயின் நீளம். சாதாரண சைக்கிள் செயின் போல இரண்டரை மடங்கு வரும்.

முப்பத்தெட்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு எழுதியவன் நான். ஓய்வு பெற்று மனைவியின் ஊரான இங்கே குடிவந்த பிறகு, கழுத்தும் இடுப்பும் ஒன்று மாற்றி ஒன்று பேச ஆரம்பித்தன. நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். சைக்கிள் ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினேன். அரை மணி நேரத்தில் சீட் உறுத்தும், உள்ளங்கை மரத்துப்போகும், தலையைத் தூக்கிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். அந்தச் சமயத்தில்தான் பிரான்சில் குடியேறிய என் பள்ளித் தோழன் ஊருக்கு வந்திருந்தான். அவன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். அவன் வயதுக்காரர்கள் நாலைந்து பேர், வழுக்கைத் தலையும் தொப்பையுமாக, இந்த மாதிரிச் சைக்கிளில் ஆற்றங்கரை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு.

வெளிநாட்டிலிருந்து தருவித்தால் விலை கேட்கவே பயமாக இருந்தது. திருக்கோவிலூரில் ஒரு வெல்டிங் பட்டறைத் தம்பியிடம் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "செஞ்சிரலாம் சார், ஆனா ஒடஞ்சா என்னைத் திட்டக்கூடாது" என்றார். பின்பக்கம் பழைய சைக்கிளின் 26 அங்குலச் சக்கரம், முன்பக்கம் சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் 20 அங்குலச் சக்கரம். மூன்று செயினை வெட்டி ஒட்டினோம். சீட்டுக்கு இரும்புக் குழாயை வளைத்து, கட்டில் பின்னும் நைலான் பட்டையை நானே பின்னினேன். மூன்று மாதம் பிடித்தது. செலவு பதின்மூன்றாயிரம் ரூபாய். இதுவரை ஒடியவில்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். முதுகு முழுவதும் சாய்மானத்தில் இருப்பதால் உடம்பின் பாரம் ஓரிடத்தில் இறங்குவதில்லை. கைக்கு வேலையே இல்லை, ஹேண்டில்பாரைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். கழுத்து நேராக இருக்கிறது. கண் தானாகவே சாலையைப் பார்க்கிறது, வானத்தையும் பார்க்கிறது. எதிர்க்காற்றில் சாதாரண சைக்கிளைவிட இது சுலபமாகப் போகும். காரணம் எளிது. சமதரையில் வேகமாக ஓட்டும்போது நம் பலத்தில் பெரும்பகுதியைத் தின்பது காற்றின் தடைதான். நிமிர்ந்து உட்கார்ந்தால் மார்பு ஒரு பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். சாய்ந்துவிட்டால் காற்றுக்குக் காட்டும் பரப்பு குறைந்துவிடும்.

கெட்டதையும் சொல்ல வேண்டும். கிளப்புவது கடினம். முதல் பத்தடி பாம்பு மாதிரி நெளியும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. உட்கார்ந்த வாக்கிலேயே சின்னப் பல்சக்கரத்தில் மெதுவாக ஏற வேண்டும். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குக் கல்வராயன் மலைப் பாதையில் இதில் ஏறலாமா என்று ஒரு பையன் கேட்டான். பஸ் இருக்கிறதே, எதற்குத் தம்பி என்றேன். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, வண்டி தாழ்வாக இருப்பது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்காரருக்கு நான் கண்ணிலேயே படமாட்டேன். அதனால் பின்னால் ஒரு மூங்கில் குச்சி கட்டி, உச்சியில் சிவப்புத் துணி பறக்கவிட்டிருக்கிறேன். எந்தக் கட்சி என்று கேட்பவர்களும் உண்டு. கரும்பு வெட்டும் காலத்தில் பெரிய சாலைக்கே போவதில்லை. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, தென்பெண்ணைக் கரைப் பக்கம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றிவிட்டு, வெயில் ஏறுமுன் வீடு.

ஊரில் வந்த முதல் ஆட்சேபம் ஆபத்தைப் பற்றியதல்ல. "பெரியவங்க எதிர்ல வரும்போது காலை நீட்டிக்கிட்டு வரலாமா?" என்று என் மனைவியின் பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி. நம் பக்கத்தில் பெரியவர் முன்னால், சாமி முன்னால் காலை நீட்டமாட்டோம். இந்த வண்டியில் வேறு வழியே இல்லை, என் இரண்டு பாதமும் எதிரே வருபவரைப் பார்த்தபடிதான் வரும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கோயில் வாசல் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது வண்டி வீட்டைவிட்டே வெளியே வராது. பெரியப்பாவும் சமாதானமாகிவிட்டார். இப்போது தூரத்தில் பார்த்தாலே கையை ஆட்டி, "எறங்காத, எறங்காத, போ" என்கிறார்.

இனி கொஞ்சம் சரித்திரம். இது ஏதோ நேற்று வந்த புதுமை என்று நானும் நினைத்திருந்தேன். பிரெஞ்சு தெரிந்த புண்ணியத்தில் பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இது என்னைவிட வயதில் மூத்தது.

பிரான்சில் ஷார்ல் மோஷே என்று ஒருவர். அவர் மகன் ழார்ழ் சைக்கிள் கேட்டான். சைக்கிள் ஆபத்து என்று பையனின் அம்மா மறுத்துவிட்டார். அதற்காக மோஷே நாலு சக்கரத்தில், பெடல் மிதித்து ஓட்டும் குட்டிக் கார் ஒன்று செய்துகொடுத்தார். அது மற்றச் சைக்கிள்களை முந்திக்கொண்டு ஓடியது. பிறகு பெரியவர்களுக்கும் அதைச் செய்து 'வெலோகார்' என்ற பெயரில் விற்றார். அதை நெடுக்காக இரண்டாக வகுந்த மாதிரி ஒரு வண்டி செய்து பார்த்தார். அதுதான் காலை நீட்டி ஓட்டும் இரண்டு சக்கரச் சைக்கிள்.

பந்தயத்தில் இதை ஓட்ட அவருக்குக் கிடைத்தவர் பிரான்சிஸ் ஃபோர். முதல் வரிசை வீரர் அல்ல. 1933 ஜூலை 7-ஆம் தேதி பாரிஸில் ஃபோர் இதில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். அதற்கு முந்தைய சாதனை ஆஸ்கர் எக் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1914-இல் செய்த 44.247 கிலோமீட்டர். கிட்டத்தட்ட இருபது வருடம் யாரும் தொடாத சாதனை. இரண்டாம் வரிசை ஆள் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அதைத் தாண்டிவிட்டார்.

பிறகு நடந்தது எந்த அரசு அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்களுக்குப் பழக்கமான கதை. சர்வதேச சைக்கிள் சங்கம் கூடியது. இந்த வண்டி வேகமானதா, பாதுகாப்பானதா என்பது விவாதமல்ல. இது சைக்கிளா இல்லையா என்பதுதான் விவாதம். 1934-இல் சைக்கிளுக்கு ஒரு வரையறை எழுதினார்கள். சீட்டின் முனை, பெடல் அச்சுக்குப் பின்னால் 12 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு விதி. அவ்வளவுதான். மோஷேயின் வண்டி சைக்கிளே அல்ல என்று ஆகிவிட்டது. 1933 ஆகஸ்டில் மோரிஸ் ரிஷார் சாதாரண சைக்கிளில் ஓட்டிய 44.777 கிலோமீட்டர்தான் முறையான சாதனையாகப் பதிவானது. ஃபோரின் கணக்கைவிட அது குறைவு. தடை வந்த அதே வருடம் மோஷே இறந்துபோனார்.

ஃபோர் விடவில்லை. 1939-இல், காற்றைக் கிழிக்க மேலே கூடு போட்ட வெலோகாரில் ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டரைத் தாண்டினார். விதிக்கு உட்பட்ட சைக்கிளில் அந்த 50-ஐத் தாண்ட 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் மெக்சிகோவில் அதைச் செய்தார். 2016-இல் அமெரிக்காவின் நெவாடாவில் டாட் ரைக்கர்ட் என்பவர் கூடு போட்ட சாய்வு சைக்கிளில் மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். இன்ஜின் கிடையாது, வெறும் கால்.

பந்தயத்தில் தடை என்றால் பந்தயத்தோடு போகட்டும், மற்றவர்களுக்கு என்ன என்று தோன்றும். ஆனால் எல்லோரும் வாங்க ஆசைப்படுவது பந்தயத்தில் ஜெயித்த வண்டி மாதிரிதான். எது பந்தயத்தில் இல்லையோ அதைக் கம்பெனிகள் செய்வதில்லை. செய்யாததைக் கடைக்காரர் வைப்பதில்லை. கடையில் இல்லாததை ஜனங்கள் கேட்பதில்லை. சென்னை அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று லட்சக்கணக்கில் செய்து அனுப்பியிருக்கிறது. என் அப்பா ஓட்டியதும் அதுதான், நான் ஓட்டியதும் அதுதான். இடுப்பு வலிக்காரனுக்கு இன்னொரு வகை சைக்கிள் உலகத்தில் உண்டு என்று எழுபது வயதை நெருங்கும்வரை எனக்குச் சொல்ல ஆளில்லை.

ஆனால் நம் ஊரிலும் சாய்மானம் வைத்த வண்டி ஒன்று எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. நாம்தான் அதை அப்படிப் பார்த்ததில்லை. கால் நடக்க முடியாதவர்கள் கையால் பெடல் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியைச் சொல்கிறேன்.

இதை எனக்கு உணர்த்தியது ஒரு பத்து ரூபாய் நோட்டு. பஸ் நிலையத்தின் அருகே நான் நிழலில் நின்றிருந்தேன், சீட்டில் சாய்ந்தபடியே. வெளியூர் அம்மா ஒருவர் வந்து, "பாவம், இந்த வயசுல" என்று சொல்லி, என் கையில் பத்து ரூபாயை வைத்துவிட்டு நடந்துவிட்டார். கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பதற்குள் பஸ் ஏறிவிட்டார். பக்கத்தில் மூன்று சக்கர வண்டியில் சாம்பிராணியும் கற்பூரமும் விற்றுக்கொண்டிருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சார், இன்னைக்குப் போணி எனக்கு முன்னாடி ஒங்களுக்கு ஆயிருச்சு."

அந்தப் பத்து ரூபாய்க்கு அவரிடமே கற்பூரம் வாங்கினேன். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம். என் வண்டியைப் பார்த்த நூறு பேரில் உருப்படியான கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான். செயின் தொங்காமல் இருக்க நடுவில் உருளை போட்டிருக்கிறீர்களா, சாய்மானம் எவ்வளவு சரிவு, பிரேக் எந்தச் சக்கரத்துக்கு என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில், "முதுகு ரொம்ப நேரா நிக்குது சார். இன்னும் நாலு விரக்கடை சாச்சு வெச்சுப் பாருங்க. தோள்பட்டை வலி போயிரும். நான் இருபது வருஷமா ஒக்காந்திருக்கேன், எனக்குத் தெரியும்" என்றார். சாய்த்துப் பார்த்தேன். போய்விட்டது. பிரெஞ்சுக் கட்டுரைகளில் கிடைக்காத யோசனை அது.

இனி கம்ப்யூட்டருக்கு வருகிறேன். எனக்கு வேலையில் சேர்ந்தபோது கிடைத்தது டைப்ரைட்டர். பிரெஞ்சு படிக்கத் தெரிந்ததால் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் பார்க்கும் வேலை எனக்கு. பிரெஞ்சு விசைப்பலகை வேறு, ஆங்கில விசைப்பலகை வேறு, தமிழ் வேறு. மூன்றிலும் தட்டியிருக்கிறேன். பள்ளியில் 'திக்தே' என்று சொல்வதெழுதுதல் வைப்பார்கள். எழுத்தின் தலையில் இருக்கும் சின்னக் கோடு ஒன்று விட்டுப்போனாலும் மதிப்பெண் குறையும். அத்தனை கறாரான மொழிக்கு அந்த நாட்டிலேயே விற்ற விசைப்பலகையில் அந்தக் கோடு போட்ட பெரிய எழுத்தைச் சுலபமாக அடிக்க வழி கிடையாது! இந்தப் பலகையை வைத்துக்கொண்டு பிரெஞ்சைச் சரியாக எழுதுவது மிகவும் சிரமம் என்று 2016-இல் பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சகமே சொன்னது. 2019-இல் அதற்குப் புதுத் தரம் வெளியிட்டார்கள். பழைய பலகைக்கு அப்போது நூறு வயதுக்கு மேல்.

நம் தமிழில் கதை இன்னும் சுவாரஸ்யம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் 'தமிழ்99' விசைப்பலகை முடிவாகி, அந்த வருடமே தமிழக அரசு அதைத் தரமாக ஏற்றது. உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் போதும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். தமிழ் எப்படி எழுதப்படுகிறது என்று யோசித்துச் செய்த பலகை. நான் ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு வாரத்தில் பழகினேன். இந்தப் பதிவையும் அதில்தான் அடிக்கிறேன். ஆனால் டைப்ரைட்டிங் பயின்றவர்களின் கை பழைய பலகையை விடவில்லை. இளையவர்கள் ஆங்கில எழுத்தில் 'அம்மா'வை அடித்து அது தமிழாக மாறுவதைப் பார்க்கிறார்கள். அவரவர் வசதி அது, குறை சொல்லவில்லை. இன்னொரு வழி இருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும் என்பதுதான் என் ஆசை.

என்னைக் கோபப்படுத்துவது வேறு. அலுவலக எழுத்தராகச் சொல்கிறேன். நாங்கள் சில விஷயங்களைக் கட்டாயமாகக் கடைப்பிடித்தோம். அவை இல்லாமல் இன்றைய மென்பொருள்கள் நடப்பதைப் பார்த்தால் எனக்கு ஆறவில்லை.

முதலாவது, ஒரு மனுவைத் திருப்பினால் காரணம் எழுத வேண்டும். எந்த ஆவணம் இல்லை, எந்தக் கையொப்பம் விட்டுப்போயிற்று என்று எழுதித் தேதி போட வேண்டும். "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும்" என்று எழுதித் திருப்பியிருந்தால் எனக்கு மெமோ வந்திருக்கும். கம்ப்யூட்டர் அதைத்தான் தினமும் எழுதுகிறது, அதற்கு மெமோ கொடுக்க ஆளில்லை.

இரண்டாவது, படிவத்தை மாற்றினால் முன்கூட்டியே சுற்றறிக்கை வரும். பழைய படிவம் கையிருப்பு தீரும்வரை செல்லும் என்று ஒரு வரியும் இருக்கும். இப்போது இரவு படுத்து எழுந்தால் பொத்தான் இடம் மாறிவிடுகிறது. நேற்று இடது மூலையில் இருந்தது இன்று மூன்று கோடுகளுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. எழுபது வயதுக்காரன் மனப்பாடம் செய்து வைத்த வழி ஒரே இரவில் செல்லாததாகிவிடுகிறது.

மூன்றாவது, அலுவலகம் மூடும் நேரமானாலும் உள்ளே வந்துவிட்டவரின் மனுவை வாங்கிக்கொண்டுதான் அனுப்புவோம். இங்கே பெயர், முகவரி, கணக்கு எண் எல்லாம் ஒற்றை விரலால் தட்டி முடிக்கும்போது, "உங்கள் நேரம் முடிந்துவிட்டது" என்று மொத்தத்தையும் அழித்துவிடுகிறது. யாருடைய விரல் வேகத்தை வைத்து அந்த நேரத்தைக் குறித்தார்களோ.

இது வெறும் எரிச்சலோடு நின்றுவிட்டால் நான் எழுதவே மாட்டேன். எங்கள் எதிர் வீட்டில் ஓர் அம்மா இருக்கிறார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். தெருவுக்கே ஆயா, எனக்கு அக்கா. கணவர் அரசுத் துறை ஒன்றில் காவலாளியாக இருந்து காலமானவர். அவருடைய குடும்ப ஓய்வூதியம்தான் அக்காவின் சாப்பாடும் மருந்தும். அதற்கு வருடாவருடம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சேவை முகப்புக்கு அவரை ஆட்டோவில் அழைத்துப் போனேன். விரல்ரேகை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். பொருந்தவில்லை என்றது கருவி. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார். பொருந்தவில்லை. பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. முகப்பில் இருந்த பையன் நல்ல பையன்தான். "ரேகையே விழல ஆயா, நான் என்ன பண்றது?" என்றான்.

அக்கா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். அறுபது வருடம் நாற்று நட்ட கை, களை பறித்த கை, புளி தட்டிய கை. வயதானால் தோல் உலர்ந்து, ரேகை மேடு தணிந்துவிடும். உழைத்த கையில் அது இன்னும் சீக்கிரம் தேயும். அந்தக் கருவி எதிர்பார்த்தது வேறு விதமான விரலை. அக்கா கேட்டார்: "நான்தான் உசுரோட எதிர்ல நிக்கிறேனே தம்பி, அதுக்குத் தெரியலையா?"

எனக்கு 12 சென்டிமீட்டர் விதிதான் ஞாபகம் வந்தது. பாரிஸில் ஒரு வண்டியைச் சைக்கிள் அல்ல என்று சொன்னார்கள். இங்கே ஒரு கையைக் கை அல்ல என்று சொல்கிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. வரையறை எழுதியவரின் கண்ணில் ஒரே ஒரு மாதிரி ஆள் இருந்தார், அவ்வளவுதான். வித்தியாசம் என்னவென்றால், மோஷேயின் வண்டிக்குப் பந்தயம்தான் போயிற்று. அக்காவுக்கு மாதாமாதம் அரிசி போய்விடும்.

முகப்பில் இருந்த பையனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. காகித வழி மூடப்படவில்லை. அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி ஒருவர் ஆளை நேரில் பார்த்துக் கையொப்பமிட்ட சான்று செல்லும். படிவம் வாங்கினோம், அதிகாரியைப் பார்த்தோம், நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புகை வாங்கினோம். மூன்று நடை ஆயிற்று. பணம் நிற்கவில்லை. அந்த ஒப்புகைச் சீட்டை அக்கா அரிசிப் பானைக்குப் பக்கத்தில் மஞ்சள் டப்பாவில் வைத்திருக்கிறார். இப்போது முகத்தைப் பார்த்து அடையாளம் காணும் முறையும் வந்துவிட்டது. போன தடவை அக்காவுக்கு அதில் சுலபமாக முடிந்தது. ஆகவே கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொல்பவன் நானில்லை. விரல் தோற்ற இடத்தில் முகம் ஜெயித்தது. முகமும் தோற்றால் காகிதம் இருக்க வேண்டும். ஒரு கதவு மட்டும் உள்ள வீட்டில் அந்தக் கதவு சிக்கிக்கொண்டால் உள்ளே இருப்பவர் கதி என்ன?

சைக்கிளில் எனக்குப் பிடித்ததே, பழுது கண்ணுக்குத் தெரியும் என்பதுதான். செயின் கழன்றால் தெரிகிறது, போக்ஸ் கம்பி ஒடிந்தால் தெரிகிறது. பட்டறைத் தம்பி பிரித்துப் போட்டுச் சரிசெய்துவிடுவார். கம்ப்யூட்டரிலும் அப்படி ஒன்று உண்டு. அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் ஒன்று, கிணற்றடியில் கிடந்த மாதிரி தூசி படிந்து எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இருந்தது. வாங்கித் துடைத்து லினக்ஸ் போட்டேன். திறந்த மூலநிரல், அதாவது உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம். நம் தமிழ் அன்பர்கள் அதன் பட்டியல்களைத் தமிழாக்கியும் வைத்திருக்கிறார்கள். பொத்தான்களை நான் வைத்த இடத்தில் வைத்திருக்கிறேன். நான் சொல்லாமல் ஒன்றும் நகராது. அதுவும் தகராறு செய்யும். ஆனால் தகராறு செய்யும்போது, எந்தக் கோப்பில் எந்த வரி என்று எழுதிக் காட்டும். பழைய எழுத்தருக்கு அது போதும்.

நம் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தை. உயிர்வாழ் சான்றுக்குக் கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள். விரல் பொருந்தவில்லை என்று சொன்னால் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். கருவிழி, முகம், காகிதம் என்று வேறு வழி கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள். எந்த வழியில் கொடுத்தாலும் ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள். மென்பொருள் எழுதும் பேரப்பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு நாள் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்கள் ஒரு படிவம் நிரப்புவதைப் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். உதவி செய்ய வேண்டாம், பார்த்தால் போதும். அதிலேயே அவர்களுக்கு நிறையப் புரியும்.

இடுப்பு வலிக்காரர்கள் யாருக்காவது என் வண்டியில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் காலை ஏழரைக்கு மேல் வாருங்கள். சீட்டை உங்கள் காலுக்கு ஏற்றபடி முன்னே பின்னே தள்ளலாம். ஒரு நட்டு தளர்த்தினால் போதும். முதல் பத்தடி நெளியும்போது பயப்படாதீர்கள், நான் பின்னால் பிடித்துக்கொள்கிறேன்.